பொறி மாறினும் பணி மாறாது

மனிதன் படைத்த கருவி எதுவும் மூப்புக்குத் தப்பியதில்லை. ஏர் தேயும், தேர் சாயும், பல்லாண்டு வண்டி இழுத்த நீராவி எஞ்சினும் ஒருநாள் கொட்டகையில் ஒதுங்கிவிடும். ஆயினும் எஞ்சின் மாறியதால் ரயில் வண்டியின் ஓட்டம் நின்றதில்லை. நீராவி எஞ்சின் இழுத்த பெட்டிகளை டீசல் எஞ்சின் இழுத்தது; அதன்பின் மின்சார எஞ்சின் இழுத்தது. இணைப்புக் கொக்கி பொருந்தினாற் போதும். முன்னால் நிற்கும் எஞ்சினின் குலமும் கோத்திரமும் பெட்டிக்குத் தெரிய வேண்டுவதில்லை.

கணிப்பொறியின் கதை அத்தகையது அன்று. பத்தாண்டு உழைத்த பொறி பழுதாகிப் புதியது ஒன்று வந்து சேர்ந்ததும், பழைய பொறிக்காக எழுதிய கட்டளைகள் புதியதற்கு விளங்குவதில்லை. பழைய அச்சுக் கருவியின் கம்பியைச் செருகப் புதியதில் இடம் இருப்பதில்லை. பழையதில் எழுதி வைத்த தமிழ்க் கட்டுரையைப் புதியதில் திறந்தால், எழுத்துகள் யாவும் உருக்குலைந்து எந்த மொழி என்றே அறிய இயலாதவாறு கிடக்கின்றன. இத்தொல்லையை அறியாத வீடு நம் குடியிருப்பில் இன்று இராது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த தொல்லை அன்று. கணிப்பொறி பிறந்த நாள்தொட்டு அதனுடன் வருவது. இந்நாட்டில் அதை முதன்முதலிற் சந்தித்த நகரமும் நாம் வாழும் இக்கல்கத்தா நகரமே ஆகும். யான் பொறியியல் பயின்றவன் அல்லன். பள்ளியிறுதித் தேர்வோடு ரயில்வே அலுவலகம் புகுந்து கோப்புகளோடு காலம் கழிப்பவன். ஆயினும் பழைய கணக்கைப் புதிய பேரேட்டிற்கு மாற்றும் வேலை எழுத்தர்க்குப் பழகிய வேலை அன்றோ? அந்தப் பழக்கத்தின் துணைகொண்டே இவ்வரலாற்றைக் கூற முற்படுகின்றேன்.

பயணச்சீட்டில் பிறந்த எண்ணம்

கணிப்பொறிக்கு முன்னோடி துளையிட்ட அட்டை. அதைப் பெருங்கணக்கிற்குப் பயன்படுத்தியவர் அமெரிக்க நாட்டு ஹெர்மன் ஹாலரித் என்பவர். அவருக்கு அந்த எண்ணம் தோன்றிய இடம் ஒரு ரயில் வண்டி என்பதை அறியும்போது ரயில்வே ஊழியனாகிய எனக்குப் பெருமை உண்டாகிறது. ஒருவர் சீட்டை மற்றொருவர் திருடிப் பயணம் செய்யாதிருக்கும் பொருட்டு, அக்காலத்துச் சீட்டுப் பரிசோதகர் பயணியின் தலைமயிர் நிறம், கண்ணின் நிறம், மூக்கின் அமைப்பு ஆகியவற்றைச் சீட்டின் ஓரத்தில் துளையிட்டுக் குறிப்பது வழக்கம். ஆளைத் துளையாற் குறிக்கலாம் என்றால் நாட்டு மக்கள் அனைவரையும் அவ்வாறே குறிக்கலாமே என்று ஹாலரித் எண்ணினார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கு அவ்வாறு அட்டைகளைக் கொண்டே எண்ணப்பட்டது.

1928-இல் ஐ.பி.எம். நிறுவனம் ஓர் அட்டைக்கு 80 பத்திகள் என்று வகுத்தது. ஒரு பத்திக்கு ஓர் எழுத்து அல்லது ஓர் எண். அட்டைகள் மறைந்து கண்ணாடித் திரைகள் வந்த பின்னரும், திரையின் ஒரு வரிக்கு 80 எழுத்து என்ற வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அட்டையில் இடம் போதாமையால் 1965 என்பதை 65 என்று சுருக்கி எழுதிய வழக்கமே, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது 00 என்பது எந்த நூற்றாண்டு என்று உலகெங்கும் கணிப்பொறியாளரைக் கலங்க வைத்தது. கருவி மறைந்தாலும் அதன் வழக்கம் மறைவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பாராநகரின் பொறிகள்

வட கல்கத்தாவில் பாரக்பூர் டிரங்க் சாலை வழியே செல்வோர் பாராநகரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைக் காணலாம். பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அவர்கள் 1931-இல் தோற்றுவித்தது அது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-இல் தொடங்கியபின், நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து வந்த விவரங்கள் அங்கே துளையட்டைகளாகக் குவிந்தன. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு வேண்டிய கணக்குகளும் வந்து சேர்ந்தன. கையால் இயக்கும் கணக்குக் கருவிகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1953-இல் சமரேந்திர குமார் மித்ரா அவர்களும் தோழரும் அங்கேயே ஒரு சிறு கணிப்பொறியைச் செய்தனர்.

பின்னர் இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி. 2-எம் என்னும் பொறி வாங்கப்பட்டது. மோகி முகர்ஜி, அமரேஷ் ராய் என்னும் இரு பொறியாளர் அங்குச் சென்று பயிற்சி பெற்று மீண்டனர். 1955-இல் வந்திறங்கிய அப்பொறி 1956-இல் பணியேற்றது. இந்தியாவிற்கு வந்த முதல் இலக்கக் கணிப்பொறி இதுவே. சுழலும் உருளை ஒன்றே அதன் நினைவகம். அதில் அடங்கியவை 1,024 சொற்கள். இன்று நம் சட்டைப் பையில் உள்ள தொலைபேசியில் ஒரு புகைப்படம் கொள்ளும் இடத்தில் ஒரு சிறு துணுக்கைக்கூட அது நிரப்பாது. ஆயினும் அக்காலத்தில் அஃதொரு விந்தை.

மூன்றாண்டுகள் ஆவதற்குள் 1958-59-இல் சோவியத் நாட்டின் உரால் என்னும் பொறி அதே கழகத்திற்கு வந்தது. இங்கேதான் நம் கதையின் முதற் சிக்கல் எழுகின்றது. ஆங்கிலப் பொறி அட்டையைப் படித்துப் பழகியது. உரால் பொறியோ அட்டையைத் தொடவில்லை; திரைப்படச் சுருளைப் போன்ற படச்சுருளில் இட்ட துளைகளையே அது படித்தது. ஒன்றன் கட்டளை எண்கள் மற்றொன்றற்கு விளங்கா. கூட்டு என்பதற்கு ஒரு பொறியில் ஓர் எண். மற்றதில் வேறோர் எண். ஆகவே ஆங்கிலப் பொறிக்கு அரும்பாடுபட்டு எழுதிய கட்டளைத் தொடர் உரால் பொறியில் வெறும் எண்குவியலே. ஒரே வளாகத்தில் இரண்டு பொறிகள். இரண்டிற்கும் பொதுமொழி இல்லை. தமிழனும் வங்காளியும் இடையில் வேறொரு மொழி இன்றிச் சந்தித்ததைப் போன்ற நிலை.

ஆனால் ஒன்று மாறவில்லை. கணக்குச் செய்யும் முறை, அஃதாவது முதலில் எதைச் செய்து அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்னும் ஒழுங்கு, பொறியைச் சார்ந்தது அன்று. அதைச் செய்தவர் அறிவைச் சார்ந்தது. அதைத் தாளில் தெளிவாக எழுதி வைத்திருந்தவர் எந்தப் பொறிக்கும் அதை மீண்டும் எழுதலாம். எழுதி வையாதவர் முதலிலிருந்து தொடங்கவேண்டும். 1964-இல் அதே கழகத்தில் ஐ.பி.எம். 1401 என்னும் பொறியும், 1966-இல் யாதவ்பூர் பல்கலைக் கழகத்தோடு கூடி உள்நாட்டிலேயே செய்த ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்னும் பொறியும் பணியேற்றன. ஒவ்வொரு பொறியின் வரவும் ஒரு குடிபெயர்ப்பே.

வேடம் பூண்ட பொறி

ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மீண்டும் எழுதுவதென்றால் யார்தான் புதிய பொறி வாங்குவர்? இக்கேள்வி கணிப்பொறி விற்போரையே உறுத்தியது. 1959-இல் வெளிவந்த 1401 உலகெங்கும் பல்லாயிரம் அலுவலகங்களில் இடம்பெற்றிருந்தது. 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் அதே நிறுவனம் 360 என்னும் புதிய வரிசையை அறிவித்தது. அமைப்பில் அது முற்றிலும் வேறானது. பழைய கட்டளைகளை எல்லாம் எறிந்துவிடுங்கள் என்று சொன்னால் வாங்குவோர் வேறு கடைக்குப் போய்விடுவர் அல்லவா? ஆகவே 360 வரிசையிற் சில பொறிகளுக்கு ஒரு வித்தையைக் கற்பித்தனர். வேண்டும்போது அது தன்னை 1401 என்றே காட்டிக்கொள்ளும். பழைய கட்டளை வந்தால், உள்ளே அதைத் தன் மொழியில் மாற்றி நிறைவேற்றிவிடும். தெருக்கூத்தில் ஒரே நடிகர் முதற்சாமத்தில் அருச்சுனனாகவும் பின்சாமத்தில் கர்ணனாகவும் வருவதுபோல, புதிய பொறி பழைய பொறியின் வேடம் பூண்டது. வேடம் செம்மையாயிருந்தால் கட்டளைக்கு வேறுபாடு தெரியாது.

நம் ரயில்வேயிலும் 1960-களின் பிற்பகுதியில் வட்டாரத் தலைமையகங்களில் 1401 பொறிகள் நிறுவப்பட்டன. சம்பளப் பட்டியல், சரக்குக் கட்டணக் கணக்கு, பண்டகசாலைக் கையிருப்பு ஆகியவை அவற்றின் வேலை. அக்காலத்தில் எழுத்தர்களுக்கு அச்சம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. இந்நகரில் இல்லாக்கோ ஹவுஸ் கட்டடத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் நிறுவ முனைந்த கணிப்பொறியை ஊழியர் வாயிலிற் காத்திருந்து தடுத்த வரலாறு பழையவர்க்கு நினைவிருக்கும். வேலை போய்விடுமோ என்ற அந்த அச்சம் வெற்று அச்சம் என்று யான் கூறேன். ஆனால் பின்னர் நடந்தது வேறொரு பாடத்தையும் கற்பித்தது: பொறியின் உள்ளே உள்ள வேலையை அறிந்த எழுத்தரே ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தேவைப்பட்டார்.

இந்தியாவிற்கு வந்த 1401 பொறிகளுட் பல, அயல்நாட்டில் ஒருமுறை உழைத்து ஓய்ந்து, புதுப்பிக்கப்பட்டு வந்தவை. அவற்றையும் நாம் பல்லாண்டு வேலை வாங்கினோம். 1978-இல், அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் நிபந்தனையை ஏற்காமல் ஐ.பி.எம். நிறுவனம் இந்நாட்டை விட்டு வெளியேறியது. செய்தவர் போய்விட்டார், பொறிகள் மட்டும் அலுவலகங்களில் நின்றன. அவற்றைப் பழுது பார்த்து ஓட்டும் பொறுப்பு, 1975-இல் அரசு தோற்றுவித்த கணிப்பொறிப் பராமரிப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. சி.எம்.சி. என்று சுருக்கி வழங்கிய அந்நிறுவனத்தின் முதல் தலைவர் ஆர். நரசிம்மன் அவர்கள் சென்னையிற் பிறந்தவர்; பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் 1960-இல் முடிவுற்ற டிஃப்ராக் என்னும் கணிப்பொறியை உருவாக்கிய குழுவை முன்னின்று நடத்தியவர். பழையதைக் காக்கத் தொடங்கிய அந்நிறுவனமே பின்னர் நம் வாழ்வை மாற்றிய புதியது ஒன்றையும் செய்தது. அதுவே ரயில் முன்பதிவு.

முன்பதிவின் நெடும்பயணம்

நம் குடியிருப்பின் மூத்தோர்க்கு அந்நாள் நினைவிருக்கும். மதராஸ் மெயிலிலோ கோரமண்டல் விரைவு வண்டியிலோ ஊருக்குப் போக, விடியுமுன் வரிசையில் நின்று, தடித்த பேரேட்டில் எழுத்தர் நம் பெயரை எழுதும்வரை மூச்சடக்கி நிற்கவேண்டும். போகும் பயணத்திற்கு இடம் கிடைத்துவிடும். திரும்பும் பயணத்திற்குத் தந்தி பறக்கவேண்டும். மறுமொழி வருமுன் தங்கை திருமணமே முடிந்துவிடும்.

சி.எம்.சி. நிறுவனம் அமைத்த இம்ப்ரெஸ் என்னும் முன்பதிவு முறை 1985-86-இல் புது தில்லியில் தொடங்கியது. 1987-லும் அதையடுத்த ஆண்டுகளிலும் கல்கத்தா, பம்பாய், சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களுக்கும் அது வந்தது. டிஜிட்டல் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வாக்ஸ் வகைப் பொறிகளில் அது ஓடியது. கட்டளைகள் ஃபோர்ட்ரான் என்னும் மொழியில் எழுதப்பட்டிருந்தன. ஆயினும் ஐந்து நகரங்களும் ஐந்து தீவுகளாகவே இருந்தன. 1986-இல் தோன்றிய ரயில்வேயின் சொந்தக் கணிப்பொறி மையமாகிய கிரிஸ், கான்செர்ட் என்னும் முறையை வகுத்து, 1994-இல் செகந்திராபாதில் தொடங்கி, 1999-க்குள் ஐந்தையும் ஒன்றாக இணைத்தது. கல்கத்தாவில் நின்றுகொண்டே சென்னையிலிருந்து திரும்பும் சீட்டையும் பெறலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

இனிப் பொறிகளின் கதையைப் பாருங்கள். டிஜிட்டல் நிறுவனம் 1992-இல் வாக்ஸுக்கு மாற்றாக ஆல்ஃபா என்னும் புதிய வகையைக் கொணர்ந்தது. 1998-இல் அந்நிறுவனமே காம்பாக் என்பாரிடம் விலைபோயிற்று. 2002-இல் காம்பாக் ஹெச்.பி. என்பாரோடு கலந்தது. ஆல்ஃபாவும் கைவிடப்பட்டு இட்டேனியம் வந்தது. செய்தவர் பெயர் இருமுறை மாறிற்று. பொறியின் உள்ளமைப்பு இருமுறை மாறிற்று. நம் முன்பதிவோ நிற்கவில்லை.

அஃது எவ்வாறு இயன்றது? இரண்டு காரணங்களைக் கூறலாம். ஒன்று, கட்டளைகள் பொறியின் எண்மொழியில் அன்றி, மனிதர் படிக்கத்தக்க மொழியில் எழுதப்பட்டு, அந்த மூலப்படி பாதுகாக்கப்பட்டிருந்தது. மூலப்படி கையிலிருந்தால், புதிய பொறிக்கான மொழிபெயர்ப்பு மென்பொருள் அதைப் புதிய எண்மொழிக்கு மாற்றித்தரும். முழுவதையும் மீண்டும் சிந்திக்க வேண்டுவதில்லை. பொருந்தாத இடங்களைத் தேடித் திருத்தினாற் போதும். இரண்டாவது, ஓப்பன்-வி.எம்.எஸ். என்னும் இயக்க மென்பொருள் மூன்று பொறிகளிலும் கூடவே வந்தது. இதுவே நான் முதலிற் சொன்ன இணைப்புக் கொக்கி. எஞ்சின் மாறினும் கொக்கி மாறாதிருந்ததால் பெட்டிகள் தொடர்ந்து ஓடின.

காத்திருப்போர் பட்டியல் எப்படி நகரவேண்டும், இடைநிலையங்களுக்கு எத்தனை இடம் ஒதுக்கவேண்டும், ஒருவர் பயணத்தைக் கைவிட்டால் அவர் இடம் யாரைச் சேரும் என்பன போன்ற விதிகள் பல்லாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அக்கட்டளைகளிற் படிந்துள்ளன. பழைய பேரேட்டின் முன் அமர்ந்த எழுத்தர்களின் அனுபவம் அதனுள் உறைகிறது. அதை எறிந்துவிட்டுப் புதிதாய் எழுதினால் விதிகளுள் எது விடுபட்டது என்பதைப் பயணிகள் கூட்டமே வந்து சொல்ல நேரும். 2010-இல் நிறுவிய இட்டேனியம் பொறிகளிலும் ஓப்பன்-வி.எம்.எஸ். மென்பொருளிலும் ஓடும் இம்முறையை இக்காலத் தொழில்நுட்பத்திற்கு மாற்றும் பணி நடைபெறுவதாக 2025-இல் ரயில்வே அமைச்சு அறிவித்தது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 25,000 சீட்டு வழங்கும் ஆற்றலை 1 லட்சத்திற்கு மேலாக உயர்த்துவது நோக்கம் என்றும் கூறிற்று. மீண்டும் ஒரு குடிபெயர்ப்பு.

இவ்விடத்தில் ஒரு துயரத்தையும் நினைவுகூர்தல் நம் கடமை. 2021-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் மாலை, ஸ்ட்ராண்டு சாலையிலுள்ள புதிய கொய்லாகாட் ரயில்வே கட்டடத்தின் 13-ஆம் மாடியில் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர் 4 பேர் உட்பட 9 பேர் உயிர் நீத்தனர். கிழக்குப் பகுதியின் முன்பதிவுக் கணிப்பொறிகள் அக்கட்டடத்தில் இருந்தமையால், மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் சீட்டு வழங்கும் பணி தடைப்பட்டது. பணி பின்னர் மீண்டது; மாண்டவர் மீளவில்லை. பொறியைவிட மனிதர் அரியர் என்பதையும், கணக்கின் நகல் வேறோர் இடத்திலும் இருக்கவேண்டும் என்பதையும் அந்நாள் நமக்கு உணர்த்திற்று.

ஏடு பெயர்த்த மரபு

தமிழர்க்கு இந்தக் குடிபெயர்ப்புப் புதிதன்று. பனையோலைக்கு ஆயுள் சில நூற்றாண்டே. செல்லரிக்கு முன் அதைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதியவர்கள் இருந்ததனாலேயே நம் பழைய நூல்கள் தப்பின. பெயர்த்தெழுத ஆளில்லாத நூல்கள் மறைந்தன. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கமும் அருகியிருந்தது; எகர ஏகார வேறுபாடும் தெளிவாய் இராது. ஆகவே 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்றோர் வெறும் படி எடுக்கவில்லை. பழைய எழுத்தின் வழக்கை உணர்ந்து புதிய அச்செழுத்திற்கு மாற்றினர். இக்காலத்துக் கணிப்பொறித் தமிழுக்கும் அத்தகைய அறிவே வேண்டியிருக்கிறது.

ஏனெனில் 1980-களிலும் 1990-களிலும் கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மேல் தமிழ் உருவத்தை ஏற்றி ஏமாற்றி எழுதவைத்தோம். ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் எழுத்தை வைத்தார். ஆகவே ஓர் எழுத்துருவில் அம்மா என்றிருப்பது மற்றொன்றிற் பொருளற்ற கோலமாகும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் தரங்களை வகுத்தது. இணையத்தில் திஸ்கி என்னும் முறை வழங்கியது. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு 1991-லேயே தமிழைச் சேர்த்திருந்தும், அது பரவப் பல்லாண்டு ஆயின. 2010-இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் தந்து, பின்னர் யூனிகோடிலும் தந்தது, ஓலை பெயர்த்தோரின் பணியை ஒத்ததே.

நம் சங்கத்து அலமாரி

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நம் சங்க அலுவலக அறையில் 1990-களின் இறுதியில் வாங்கிய கணிப்பொறி ஒன்று இருந்ததை அன்பர்கள் அறிவர். உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, ஆண்டு மலர்களின் மூலப்படி எல்லாம் அதில்தான். அது நின்றபோது, பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டினோம். பொறி செத்துவிட்டது, உள்ளிருப்பதை மறந்துவிடுங்கள் என்று அங்குச் சொன்னார்கள். நம் இளைஞர் இருவர் அதை ஏற்கவில்லை. பொறி நின்றால் அதன் உள்ளே உள்ள தகடு அழிந்ததாகாது என்றனர். அவ்வட்டுப் பேழையைக் கழற்றி, சாந்தினி சந்தையில் வாங்கிய ஒரு சிறு இணைப்பியால் புதிய பொறியோடு பூட்டினர். கோப்புகள் யாவும் இருந்தன.

திறந்தபோது தமிழ் இல்லை. புள்ளியும் கோடும் கலந்த அயலெழுத்துகளே தெரிந்தன. பழைய எழுத்துருவையும் அதே தகட்டில் தேடிக் கண்டு புதிய பொறியில் ஏற்றியபின் தமிழ் மீண்டது. ஆயினும் மலர்களைப் பக்கம் கட்டிய பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள் புதிய பொறியில் ஓட மறுத்தது. அதற்கும் வழி இருந்தது. புதிய பொறிக்குள்ளே பழைய பொறி ஒன்று இருப்பதாகப் பாவனை செய்யும் மென்பொருளை இட்டு, அதனுள் பழைய விண்டோஸை ஏற்றி, அதனுள் பேஜ்மேக்கரைத் திறந்தனர். அறுபது ஆண்டுகளுக்கு முன் 360 பூண்ட வேடமே இது.

இறுதியில் யூனிகோடுக்கு மாற்றும் வேலை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய எழுத்துருவில் கொம்பு முதலில், மெய் பின்னால். கையால் எழுதும் வரிசை அது. யூனிகோடிலோ மெய் முதலில், கொம்பு பின்னர். கொ என்னும் எழுத்தோ, பழையதில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு; புதியதில் மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டே. வரிசையை மாற்றாது பெயர்த்தால் கெடு என்பதே கெட்டுப்போம். மாற்றும் மென்பொருள் பெரும்பகுதியைச் செய்தது; மிச்சத்தை மனிதர் கண்ணே திருத்தியது. பாட்டிமார் பழைய மலரை உரக்கப் படிக்க, வங்காளமும் ஆங்கிலமும் பள்ளியிற் கற்கும் பேரப்பிள்ளைகள் திரையிற் சரி பார்த்தனர். பிள்ளைகள் சிலர் தமிழை ஒழுங்காய்ப் படிக்கத் தொடங்கியது அந்த மாதங்களில்தான்.

மீண்டவை எவை? 1999 ஒரிசாப் பெரும்புயல் நிவாரணத்திற்கு நம் குடும்பங்கள் பத்தும் இருபதுமாகத் தந்த தொகைப் பட்டியல் மீண்டது. ஊரைவிட்டு முதன்முதலில் ஹௌராவில் இறங்கிய நாளைப் பற்றி, இன்று நம்மிடையே இல்லாத மூத்தோர் சொல்ல எழுதிக்கொண்ட பக்கங்கள் மீண்டன. அவற்றுக்கு வேறு படி எங்கும் கிடையாது. அச்சிட்ட மலர்களிற் பல இந்நகரத்து மழைக்கால ஈரத்திலும் கறையானிலும் போய்விட்டன. அந்தத் தகட்டைக் குப்பையில் இட்டிருந்தால், இக்குடியிருப்பின் முதல் தலைமுறை தன் வாயாற் சொன்ன சொல் நம் பிள்ளைகளுக்கு இல்லாமற் போயிருக்கும்.

செய்யத்தக்கன

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில. பழைய பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பொருளைப் புதியதற்குப் பெயர்த்துவிட வேண்டும். நின்றபின் பெயர்ப்பது பெரும்பாடு. தமிழை யூனிகோடிலேயே எழுதி வைத்தல் வேண்டும். மலரின் மூலப்படியோடு, எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில், யார் செய்தது என்னும் குறிப்பையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்தல் வேண்டும். ஒரு படி சங்கத்திலும், ஒரு படி வேறொரு வீட்டிலும், ஒரு படி ஊரிலுள்ள உறவினரிடமும் இருத்தல் நலம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆண்டுக்கொரு நாள் போதும். ஆண்டு விழா முடிந்த மறு ஞாயிறே அந்நாளாகட்டும்.

நம் முன்னோர் தாமிரபரணிக் கரையையும் காவிரிக் கரையையும் விட்டு ஹூக்ளிக் கரைக்கு வந்தபோது, வீட்டைச் சுமந்து வரவில்லை. அம்மிக்கல்லைக்கூடப் பலர் விட்டு வந்தனர். மொழியையும் வழக்கத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்து, புதிய மண்ணில் புதிய வீட்டில் அவற்றை வாழவைத்தனர். அவர்கள் நமக்குச் செய்ததை நாம் நம் பிள்ளைகளுக்குச் செய்வோம். அடுத்த பொறி வரும், அதற்கடுத்ததும் வரும். அவற்றுள் நம் தமிழும் நம் கணக்கும் நம் நினைவும் குடிபுகட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!